ஓடாத ஆலையின் மீட்டர்

ஏப்ரல் 14, திங்கள்

நாளை முதல் அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸ் வாங்க ஆள் வராது. வருடாவருடம் இந்த இரண்டு மாதமும் கர்வாலோ ஐஸ் பேக்டரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

மாலையில் மஸ்கட்டிலிருந்து டெரன்ஸ் பேசினான். “மம்மி, போன வருஷம் மாதிரி இந்த வருஷமும் நான் கையிலருந்து போட முடியாது. ஒண்ணு, செலவு குறையணும். இல்லாட்டி வித்துருவோம்.”

செலவைப் பற்றி எனக்குச் சொல்கிறான். என் வீட்டுக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இவ்வளவு குறைவாக வருவதில்லை. அதைச் சொன்னேன். “வீட்டைச் சொல்லல மம்மி, பேக்டரியச் சொல்லுதேன்” என்றான். யாரோ ஒரு பெண்ணை அனுப்புகிறானாம். சின்னத் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் செலவைக் குறைத்துக் கொடுப்பதுதான் அவள் வேலையாம்.

புதிய நோட்டு இது. பக்கங்களுக்கு எண் போட்டுவிட்டேன். கான்வென்டில் மதர் பெனடிக்டா சனிக்கிழமைதோறும் எங்கள் நாட்குறிப்புகளை வாங்கிப் படிப்பார். “பிறர் படித்தால் தலைகுனிய வேண்டியதை எழுதாதே, செய்யவும் செய்யாதே” என்பார். அதன் முதல் பாதியை அறுபது வருடமாகக் கடைப்பிடித்து வருகிறேன்.

ஏப்ரல் 16, புதன்

அந்தப் பெண் வந்தாள். சண்முகவடிவு. கோவில்பட்டி. வயது முப்பதுக்குள். காலில் ஆண்கள் போடுவது போன்ற ஷூ. தோளில் கனத்த பை. தீப்பெட்டி ஆபீஸ், உப்பு மில், மாவு மில் என்று பல இடங்களில் வேலை பார்த்திருக்கிறாளாம்.

“சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிற?” என்று கேட்டேன்.

“சம்பளம் கிடையாதும்மா. கரண்ட் பில்லுல எவ்வளவு குறையுதோ அதுல மூணுல ஒரு பங்கு, ஒரு வருஷத்துக்கு. ஒண்ணும் குறையலன்னா எனக்கும் ஒண்ணும் கிடையாது.”

சம்பளம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் முன்னால்தான் பர்ஸை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேநீர் கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றாள். அதிலும் சிக்கனம் போலிருக்கிறது.

பேக்டரி முழுவதையும் படம் பிடித்தாள். டெரன்ஸ் விற்க நினைக்கிறான், இவள் படம் பிடிக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவள் அல்ல நான்.

பிறகு முற்றத்தில் நின்று வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள். பேக்டரியும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துதான் நிற்கின்றன. மேலறைக்கு யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது பேக்டரியைச் சேர்ந்ததல்ல.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை. கோயிலில் புழுக்கம் தாங்கவில்லை. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மேலறையில் ஜெபமாலை சொன்னேன். சால்வையை மறந்துவிட்டதால் பாதியில் இறங்கி வந்து எடுத்துப் போனேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வடிவு ஒரு பட்டியல் கொடுத்தாள்.

ஐஸ் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் பலகை மூடிகளில் இடைவெளி இருக்கிறதாம், குளிர் அதன் வழியாகப் போகிறதாம். குழாய்களில் உப்புப் படிந்திருக்கிறதாம். பெரிய மோட்டார் ஐந்து தடவை கருகியும் காயில் கம்பியை மறுபடி சுற்றியே ஓட்டியிருக்கிறோமாம், அது இழுக்கிற கரண்டுக்குப் புதிது ஒன்றே வாங்கியிருக்கலாமாம். பேக்டரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டுகிற தொகை ஒன்று இருக்கிறதே, அதைத் தடைக்காலத்துக்கு மட்டும் குறைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாமாம்.

கடைசியாகச் சொன்னது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். வருடக்கணக்காகக் கட்டியிருக்கிறோம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. “மூடிகளை என் கணவர் தேக்கில் செய்தார்” என்று மட்டும் சொன்னேன்.

“நல்ல தேக்குதாம்மா. ஆனா குளிருக்கு மரம் தேக்கா, பலாவான்னா தெரியும்? சந்து கெடச்சா போயிரும்.”

வாய் கொஞ்சம் நீளம்.

ஏப்ரல் 25, வெள்ளி

தொட்டிக்குப் பின்னால் வடிவும் சூசையும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

சூசை எங்கள் ஆபரேட்டர். முப்பத்தொரு வருடமாக இருக்கிறான். கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். தடைக்காலத்தில் மற்ற நாலு பேரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இவன் மட்டும் இருப்பான், முழுச் சம்பளத்தோடு. முப்பத்தொரு வருடத்தில் நான் வந்ததும் அவன் பேச்சை நிறுத்தியது இதுவே முதல் தடவை.

“என்ன ரகசியம்?”

“ஒண்ணுமில்லம்மா. பிள்ளை பழைய ஒயரிங் பத்திக் கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“சரிம்மா” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

தரையைப் பார்க்கிறவனிடம் ஏதோ இருக்கிறது. ஸ்டோர் சாவியை இன்றிலிருந்து நானே வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கடும் வெயில். தெருவில் எல்லார் வீட்டுச் செடியும் கருகிவிட்டது. கொல்லைச் சுவரோரம் நிற்கும் என் கறிவேப்பிலை மட்டும் தழைத்து நிற்கிறது. வடிவு அதன் பக்கத்தில் குனிந்து நின்றாள்.

“இந்த வெயில்ல இது மட்டும் எப்படிம்மா இப்படித் தளதளன்னு நிக்குது?”

“கவனிப்புதான் காரணம்.”

“தண்ணி வாரத்துல ஒரு நாள்தானே வருதுன்னாங்க.”

“சிக்கனமாகப் பயன்படுத்தினால் எல்லாவற்றுக்கும் போதும்” என்றேன். அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள். தேவையில்லாத வேலை.

அவள் போன பிறகு மேலறை வாளியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.

மே 2, வெள்ளி

விஷயம் பெரிதாகிறது.

ஒரு வாரமாகப் பேக்டரி முழுவதும் நின்று கிடக்கிறது. கம்ப்ரசர், பம்பு, விளக்கு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. இன்று காலை பத்து மணிக்கு வடிவு என்னை மீட்டர் பெட்டிக்கு அழைத்துப் போனாள். அதில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

“கரண்ட் ஓடுனாத்தாம்மா இது சிமிட்டும். இங்க எதுவும் ஓடல. ஆனா மணிக்கு ஒன்றரை யூனிட் போகுது. ராத்திரி பகல் கிடையாது. மாசத்துக்கு ஆயிரத்துக்கு மேல வரும்.”

“ரூபாயா?”

“யூனிட்டும்மா. ரூபாய்னா ஒரு ஆள் சம்பளம்.”

“மீட்டர் கெட்டுப் போயிருக்கும்.”

“மீட்டர் நல்லாத்தான் இருக்கு. யாரோ எடுக்காங்க. கம்பெனி லைன்ல வேற எதுக்காவது எடுத்தா அதுக்குத் தனியா அபராதம் உண்டு. செக்கிங் வந்தா இதுவரைக்கும் நம்ம மிச்சம் புடிச்சது அத்தனையும் போயிரும்.”

சூசை கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். நான் திரும்பியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று நினைக்க நான் என்ன குழந்தையா?

மே 4, ஞாயிறு

பேக்டரிக்குப் பின்னால் வலை பின்னுகிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு மின்விசிறி ஓடுகிறது. அதை அடுத்து சூசையின் மச்சினன் வீடு. சுவரில் ஒரு துளை போட்டு ஒயரைத் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுப் பார்த்தேன். பூசை முடிந்து வந்ததிலிருந்து பன்னிரண்டு மணி வரை கொட்டகைக்கு ஏழு பேர் வந்து போனார்கள். எல்லாரையும் குறித்து வைத்திருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

சூசையைக் கூப்பிட்டுக் கேட்டேன். வடிவும் இருந்தாள்.

“யாருக்கு லைன் குடுத்திருக்க?”

“வெளிய யாருக்கும் குடுக்கலம்மா.”

“அப்போ கரண்ட் எங்கே போகுது?”

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். என்னைப் பார்த்தான் என்பதை எழுதியே ஆக வேண்டும். ஏதோ நான் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பது போல நின்றான்.

“உன்னைத்தான் கேட்கிறேன் சூசை.”

“என் தப்புதாம்மா.”

“என்ன தப்பு? யாருக்குக் குடுத்த?”

“என் தப்புன்னு எழுதிக்கோங்கம்மா. வேற ஒண்ணும் கேக்காதீங்க.”

வடிவு குறுக்கே வந்தாள். “அண்ணே, லைன் எங்க போகுதுன்னு சொன்னா கட் பண்ணிட்டுப் போயிரலாம்லா. இதுக்குப் போயி ஏன் இப்படி?”

“நீ சும்மா இருத்தா.”

அவ்வளவுதான். ஒப்புக்கொண்டவனிடம் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது?

மே 7, புதன்

டெரன்ஸிடம் சொன்னேன். “அனுப்பிருங்க மம்மி. அந்த கரண்டும் மிச்சம், அவர் சம்பளமும் மிச்சம். புதுசா ஒருத்தர் பாதிச் சம்பளத்துக்குக் கெடைப்பார்” என்றான். பிறகு, “சூசை அண்ணனா மம்மி? நல்லாத் தெரியுமா?” என்று கேட்டான்.

“அவனே ஒப்புக்கொண்டான்” என்றேன்.

கடிதம் எழுதினேன். மே 15 முதல் வேலையில்லை. கையெழுத்து சரியாக வரவில்லை. நாலு தாள் வீணாயிற்று, அதுவும் செலவுதான்.

மே 8, வியாழன்

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“சரிம்மா” என்றான். “குழாய் சுத்தம் பண்ணுதது பாதில கெடக்கு. அதை முடிச்சுட்டுப் போறேன்.”

முடித்துவிட்டுப் போவதில் அவனுக்கு என்ன லாபம்? புரியவில்லை.

மே 9, வெள்ளி

சாம்பார் பொடி அரைக்கக் கொடுத்தேன். மிளகாய் நிறம் போதவில்லை.

மூன்று மணிக்கு மேலறையில் சத்தம் நின்றது. சரியாகப் பத்து நிமிடம். ஜெபமாலையின் மூன்றாம் மறையுண்மை முடிவதற்குள் மறுபடி வந்துவிட்டது. மின்வாரியக்காரர்கள் இப்போதெல்லாம் சொல்லாமலே நிறுத்துகிறார்கள்.

கீழே சமையலறை மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அது வேறு லைனாக இருக்கும்.

மே 10, சனி

காலையில் வடிவு வந்தாள். கையில் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்று. மெயின் போர்டுக்குப் பின்னால், தகரத் தட்டு ஒன்று மறைத்திருந்த இடத்தில் கிடைத்ததாம்.

“நேத்து மூணு மணிக்கு இதைப் பிடுங்கினேம்மா. மீட்டர் நின்னுருச்சு. பத்து நிமிஷம் பாத்துட்டுத் திரும்ப மாட்டிட்டேன். உடனே சிமிட்ட ஆரம்பிச்சுட்டு. இப்பவும் பிடுங்கித்தான் கொண்டு வந்திருக்கேன். இது எந்த ஒயர்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். சுவருக்குள்ள போகுது. சூசை அண்ணன் வாயே திறக்க மாட்டேங்காரு. நேத்து மூணு மணிக்கு இங்க ஏதாவது நின்னுச்சாம்மா?”

“இல்லை” என்றேன்.

“ஒண்ணுமே நிக்கலியா?”

“சொன்னேனே.”

அவள் ஃபியூஸ் கட்டையை மேசையில் வைத்தாள். அதன் மேல் மூன்று எழுத்து பெயிண்டால் எழுதியிருந்தது. என் கணவரின் கையெழுத்து.

“அப்போ மாட்டிரட்டுமா, இல்ல இப்படியே கெடக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“மாட்டிவிடு” என்றேன். “எதுவென்று தெரியாமல் பிடுங்கி வைக்கக் கூடாது.”

மே 11, ஞாயிறு

காலைப் பூசை. நற்கருணை வாங்க வரிசையில் போகவில்லை. முழங்கால் வலி.

மே 12, திங்கள்

எழுத எதுவும் இல்லை.

மே 14, புதன்

சூசை சாவிகளைக் கொண்டு வந்தான். பெரிய கேட், மோட்டார் அறை, மீட்டர் பெட்டி. ஒவ்வொன்றையும் துடைத்திருந்தான். சரி பார்த்து வாங்கிக்கொண்டேன்.

போகாமல் நின்றான்.

“என்ன?”

“நாளைக்கு மாடில ஒரு மணி நேர வேலை இருக்கும்மா. ஐயா ரூம் ஒயர் பழசாயிட்டு. பீஸ் கட்டை சூடாகுது. புது ஒயர் போட்டுத் தாரேன்.”

சாவிகளை மறுபடி எண்ணினேன்.

“இனி வாரவன் என்ன ஏதுன்னு தெரியாமப் பிடுங்கிப் போட்டுருவான். அதான், போர்டு வழியா இல்லாம வேற வழியாக் கொண்டுபோயிருதேன். அந்தப் பிள்ளைட்டயும் சொல்லிட்டேன், இதுல நீ தலையிடாதன்னு. ஐயாவுக்காகப் போட்ட லைனு. அதை நான் எங்க போயிச் சொல்ல?”

“சம்பளம்?” என்று கேட்டேன். என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

“அதெல்லாம் என்னத்துக்கும்மா” என்றான். “வாரேன்.”

மே 15, வியாழன்

மதர் பெனடிக்டா படித்தால் படிக்கட்டும்.

என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் கர்வாலோ கடைசி ஒரு வருடம் மேலறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். உடம்பு முழுக்கப் புண். வேர்த்தால் எரியும். வீட்டு லைனில் வோல்டேஜ் போதாமல் ஏசி நின்று நின்று போனது. “ஐஸ் பேக்டரிக்காரன் வேர்த்துச் சாகக் கூடாது எர்மலின்” என்று சிரிப்பார். சூசையைக் கூப்பிட்டு, பேக்டரியிலிருந்து லைன் இழுக்கச் சொன்னார். சூசை ஒரே மாலையில் இழுத்துக் கொடுத்தார். என் கணவர் இறந்து நாலு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. ஏசியை நான் நிறுத்தவில்லை. வருடத்துக்கு இருமுறை சூசை மேலே வந்து அதைக் கழற்றிச் சுத்தம் செய்வார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எந்த லைன் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஃபியூஸ் கட்டையில் அவர் எழுதியிருந்த மூன்று எழுத்து ‘மேலறை’. பள்ளியில் கணக்கில் நான் வாங்கியது நூற்றுக்கு நூறு. இரவும் பகலும் ஏசி ஓடுகிற வீட்டில் இருநூற்றுச் சொச்சம் பில் வராது. அந்தப் பில்லைத் தெரு முழுக்கக் காட்டிப் பெருமை பேசியவள் நான்.

காலை பத்து மணிக்கு இருவரையும் கூப்பிட்டேன். சூசை கையில் ஒயர்ச் சுருளோடு வந்தார்.

“அதைக் கீழே வை. ரெண்டு பேரும் மேலே வாங்க” என்றேன்.

கதவைத் திறந்ததும் வடிவு குளிரில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள். கட்டில், விரித்த வெள்ளைத் துப்பட்டி, அவர் கண்ணாடி, என் நாற்காலி, சால்வை, தண்ணீர் சொட்டும் வாளி. எல்லாவற்றையும் பார்த்தாள். இந்த முறை படம் பிடிக்கவில்லை.

“கறிவேப்பிலைக்கு இந்தத் தண்ணிதானா?” என்றாள் மெதுவாக.

“உனக்கு முன்னாலேயே தெரியும்.”

“சுவர் ஜில்லுன்னு இருந்துச்சும்மா. தொட்டுப் பாத்தப்பவே தெரிஞ்சுட்டு. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்.”

சுவிட்சைத் தேடினேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்து போயிருந்தது. சூசைதான் அலமாரியை நகர்த்திக் காட்டினார். அழுத்தினேன். சத்தம் ஒரேயடியாக நிற்கவில்லை. இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அப்புறம் துறைமுகத்துச் சங்கு கேட்டது. அந்த அறையில் அது கேட்கும் என்பதே எனக்கு நினைவில் இல்லை.

வடிவு நோட்டை எடுத்தாள். “ரிப்போர்ட்டுல இதை எப்படிம்மா எழுத? ‘கூடுதல் பயன்பாடு’ன்னு போட்டுரலாமா?”

“முதலாளியம்மாள் வீட்டு ஏசி. நாலு வருஷம் ரெண்டு மாசம். அப்படியே எழுது. டெரன்ஸுக்கும் அதையே அனுப்பு.”

“இதுல மிச்சமாகுததுல எனக்குப் பங்கு வேண்டாம்மா.”

“ஒப்பந்தத்தில் இருப்பதை மாற்றாதே. வாங்கிக்கொள்.”

பிறகு சூசையிடம், “அந்தக் கடிதத்தைத் திருப்பிக் குடு” என்றேன்.

“வீட்டுல இருக்கும்மா. பீரோவுல வச்சிட்டேன்.”

“நாளைக்குக் கொண்டு வா. கிழித்துவிடலாம்.”

“அது கெடக்கட்டும்மா” என்றார். “என்னத்துக்குக் கிழிக்கணும்?”

சாவிகளை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்க்கவில்லை.

மே 16, வெள்ளி

சூசை வேலைக்கு வந்தார். கடிதம் வரவில்லை.

மே 21, புதன்

சூசை தொட்டி மூடிகளின் சந்துகளை ரப்பர் வைத்து அடைத்துவிட்டார். கடிதத்தைப் பற்றி நானும் மறுபடி கேட்கவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கில்லை என்று தெரியும்.

மேலறையில் உட்கார முடியவில்லை. வெக்கை. ஜெபமாலையைக் கீழே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன்.

மே 25, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கினேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 11, புதன்

காலையில் கம்ப்ரசரை ஓட்டினார்கள். தண்ணீர் குளிர்ந்து ஐஸ் பிடிக்க முன்னெல்லாம் நாலு நாள் ஆகும். மூன்று நாளில் பிடித்துவிடும் என்கிறாள் வடிவு. அவள் சொன்னால் அநேகமாகப் பிடித்துவிடும்.

டெரன்ஸ் பேசினான். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டானாம். “ரூம் ரொம்பச் சூடா இருக்கா மம்மி?” என்றான். “ஜன்னல் இருக்கிறது” என்றேன். விற்பதைப் பற்றிப் பேசவில்லை. “இந்த சீசன் எப்படிப் போகுதுன்னு பாப்போம்” என்றான்.

ஜூன் 16, திங்கள்

படகுகள் கடலுக்குப் போய்விட்டன. சனிக்கிழமையே ஐஸ் முழுவதும் போய்விட்டது. ஒரு பார் ஐஸ்கட்டிகூட மிச்சமில்லை.

வடிவு கோவில்பட்டிக்குத் திரும்பினாள். போகும்போது தேநீர் கேட்டாள். சர்க்கரை போட்டுக்கொண்டாள். “அன்னைக்கு உங்க முகத்தப் பாத்து வேண்டாம்னுட்டேம்மா” என்றாள்.

மேலறை ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்திருக்கிறேன். வாளி காய்ந்து கிடக்கிறது. கறிவேப்பிலைக்கு இப்போது குழாய்த் தண்ணீர்தான்.